சாக்கடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு வர்க்கிப் பெட்டி

எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருப்பவரைப் பார்த்தால் சிரிப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் மனிதனைச் சுமக்கும். குன்னூரில் பாதி நேரம் மனிதன்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவதற்கு எதற்கு ஒரு சைக்கிள் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். எனக்கு அவ்வளவாக எழுத வராது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சைக்கிள் என்னுடையது இல்லை, பேக்கரியுடையது. பெரியவளே, அப்போது நீ அம்மா வயிற்றில் மூன்று மாதம். சின்னவன் பேச்சே இல்லை. நான் வேலை பார்த்த எஸ்டேட் பேக்டரியை மூடிவிட்டார்கள். குன்னூர் மார்க்கெட்டில் ஒரு பாய் பேக்கரி நடத்திவந்தார். விறகு அடுப்பு. நாலு பேர் வேலை. அங்கே லைனுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். லைன் என்றால், குன்னூரிலிருந்து ஊட்டி ரோட்டில் வெலிங்டன், அருவங்காடு தாண்டி எல்லநள்ளி வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்குக் காலையில் வர்க்கியும் பன்னும் கொண்டு போய்ப் போடுவது. போகும்போது முழுக்க ஏற்றம். தள்ள வேண்டியதுதான். கேரியரில் பெரிய தகரப் பெட்டி, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பன் பை. தலையில் சுமந்தால் இதில் கால்வாசிகூடக் கொண்டு போக முடியாது. சைக்கிள் எதற்கு என்றால் இதற்குத்தான். எங்களுக்கு அது சக்கரம் வைத்த சுமைதாங்கி.

வர்க்கியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த அடுக்கடுக்கான பிஸ்கட்டைத் தினமும் டீயில் முக்கித் தின்கிறீர்கள். ஆனால் கொண்டு போகிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும். மேலே கையை வைத்தாலே நொறுங்கிவிடும். முழுசாக இருந்தால்தான் கடைக்காரர் கண்ணாடி ஜாடியில் போடுவார். உடைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்த ரோட்டை இப்போது நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணுக்கு அது வேறு ரோடு. தார் போட்ட இடம் முடிகிற விளிம்பிலேயே வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் மண். அதற்கப்புறம் மூடி போடாத சாக்கடை, அதற்கப்புறம் மலை. நடக்கிறவனுக்கு, சைக்கிள்காரனுக்கு என்று விட்டது அந்த ஒரு சாண்தான். அதிலும் டெலிபோன் கம்பம் நிற்கும், மைல்கல் நிற்கும், மழையில் சரிந்த மண் குவிந்து கிடக்கும். அந்த இடத்தில் தாருக்கு ஏறியே ஆக வேண்டும். ஏறினால் பின்னாலிருந்து ஹாரன்.

மற்ற மாதங்களில் பரவாயில்லை. ஓடுகிறதெல்லாம் நம்ம பஸ், நம்ம லாரி. எந்த வளைவில் நான் வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும். சீசன் வந்துவிட்டால், ஏப்ரல், மே இரண்டு மாதமும் கார் கார்தான். கீழ்நாட்டிலிருந்து வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு விஷயம். சைக்கிளைத் தள்ளுகிறவர்கள் எல்லோரும் சைக்கிளுக்கு இடது பக்கம் நின்று தள்ளுவார்கள், சாக்கடைப் பக்கம். நானும் முதலில் அப்படித்தான் தள்ளினேன். அப்போது பெட்டி வண்டிகள் பக்கம் இருக்கும். சீசன் தொடங்கின முதல் வாரத்தில் ஒரு வேன் உரசிப் போனதில் பெட்டி அடிபட்டு ஒரு தட்டு வர்க்கி தூள். அடுத்த வாரம் ஒரு காரின் கண்ணாடி இடித்து மறுபடியும் தூள். பாய் நல்லவர், ஆனால் வியாபாரி. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வேன்காரன் ஒருத்தன் லைனைக் கேட்டுட்டே இருக்கான். நான் உனக்காகத்தான் இழுத்துட்டு இருக்கேன். இன்னொரு தடவை தூளு திரும்பி வந்தா லைனை அவன்கிட்ட குடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

அன்றைக்கு யோசித்தேன். அடுத்த நாளிலிருந்து பக்கம் மாறினேன். பெட்டி சாக்கடைப் பக்கம், நான் வண்டிகள் பக்கம். முதுகும் முழங்கையும்தான் ஹாரனுக்குப் பக்கத்தில். மூன்று வாரம் ஒரு வர்க்கிகூட உடையவில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெலிங்டன் தாண்டி, அருவங்காட்டுக்கு முன்னால் ஒரு வளைவு. பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஊட்டி போகிற பஸ். டிரைவர் என்னைத் தினமும் பார்க்கிறவர். வளைவு முடியட்டும் என்று அவர் என் பின்னாலேயே மெதுவாக வந்துகொண்டிருந்தார். அதே நேரம் மேலேயிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கியது. வளைவில் அது திரும்ப வேண்டிய அளவு திரும்பவில்லை. அகலமாக எங்கள் பக்கம் வந்துவிட்டது. என் முழங்கையில் ஏதோ பட்டது தெரியும். அடுத்தபடி சாக்கடையில் சைக்கிள், அதன் மேலே நான், மூடி திறந்த பெட்டி ஒரு பக்கம்.

கார் பஸ்ஸுக்கு நேர் எதிரே, மூக்கும் மூக்கும் இடிக்காத குறையாக நின்றது. பஸ் டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கினார். முதலில் என்னைத் தூக்கிவிட்டார். முழங்கால் தோல் உரிந்திருந்தது, முழங்கை வீங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு காரிடம் போனார். ஓட்டி வந்தவர் நாற்பது வயதுக்காரர், ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். பின் சீட்டில் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்திருக்க, பிள்ளை அதில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், மலை ரோட்டுல ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி உடணும்னு தெரியாதுங்களா?" என்றார் டிரைவர்.

"தெரியும் சார். அதான் உங்க பஸ்ஸைப் பாத்துட்டு நிறுத்திட்டேனே."

"எனக்கில்லீங்க. அவருக்கு." என்னைக் காட்டினார்.

"அவர் சைக்கிள் சார். அதுவும் தள்ளிக்கிட்டு வர்றார்."

"ஏறுதுங்களா, எறங்குதுங்களா?"

கார்க்காரர் என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். "ஏறுது" என்றார்.

"அப்புறம் என்னங்க. ஏறுற வண்டி."

கண்டக்டர் படியில் நின்றபடி, "இப்ப சாக்கடைக்குள்ள எறங்கிருச்சுங்கண்ணா, இனி அதுதான் நமக்கு வழி உடணும்" என்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மேல் இரண்டு தட்டு வர்க்கி நொறுங்கிப்போய் மண்ணோடு கலந்து கிடந்தது. அடித்தட்டு முழுசாக இருந்தது. பன்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு இரண்டு தட்டும் வர்க்கியாகத் தெரியவில்லை. வேலை போய்விட்டது என்றுதான் தெரிந்தது.

டிரைவர் அதற்குள் எதையோ மோந்து பார்த்தார். காரின் முன் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தார். கருகின வாசனை எங்களுக்கும் வந்தது. "எந்த கியர்ல எறங்குனீங்க?" என்று கேட்டார்.

"நாலாவதுல."

"நாலுலயா! ஊட்டியிலிருந்து இங்க வரைக்கும் பிரேக்லயே வந்திருக்கீங்க. அது சூடேறிச் சரியாப் புடிக்காமப் போச்சுங்க. வேணும்னு பண்ணல நீங்க. ஆனா இப்படியே குன்னூர் தாண்டி பர்லியார் கொண்டை ஊசி வளைவுல எறங்கியிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். பின் சீட்டில் இருந்த அம்மா கவரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஓரங்கட்டுங்க. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டுப் போங்க."

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பயந்துபோன குடும்பம். அந்த மனிதர் பர்ஸை எடுத்தார். வேண்டாம் என்றேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். காசு கொடுத்தால் வர்க்கிக்குச் சரியாகிவிடும், என் வேலைக்குச் சரியாகாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், குன்னூர் வழியாத்தானுங்களே போறீங்க? மார்க்கெட்டுக்கிட்ட எறங்கினீங்கன்னா வாசனையே எங்க பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போயிரும். எங்க பாய்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டுப் போங்க. எம்மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

"கண்டிப்பா சொல்றேன்" என்றார். அவர் மனைவியும் தலையாட்டினார்.

பன்னையும் மிச்ச வர்க்கியையும் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொரு கடை முன்னாலும் நிறுத்தி இறக்கிக் கொடுத்தார். நான் நொண்டிக்கொண்டே காலிப் பெட்டியைத் தள்ளிப் போய், எல்லாக் கடையிலும் நாளைக்குச் சரியாகக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நாளை என்று ஒன்று இருக்குமா என்று எனக்கே தெரியாது. அந்தக் கார் பேக்கரியில் நின்றிருக்குமா, நேரே மேட்டுப்பாளையம் போயிருக்குமா? வழியெல்லாம் அதே நினைப்பு.

மத்தியானம் பேக்கரிக்குப் போனேன். பாய் முன்னால் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். திட்டப் போகிறவர் டீ சொல்ல மாட்டார், வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்தான் சொல்வார்.

"கார்க்காரர் வந்தாருப்பா. குடும்பத்தோட வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. உம்மேல தப்பே இல்லன்னாரு."

"ரொம்ப சந்தோசமுங்க பாய்."

"இன்னும் கேளு. 'உங்க ஆளு அவரு உடம்பை வண்டிப் பக்கம் வெச்சு, உங்க பெட்டியைச் சாக்கடைப் பக்கம் வெச்சுத் தள்ளிட்டு வர்றாரு. பெட்டி இருக்கவேண்டிய எடத்துல அவரு இருந்தாரு. அந்த ரோட்டுல ஒரு மனுசனை நீங்க எப்படிங்க அனுப்புறீங்க'ன்னு கேட்டாரு. எங்கிட்ட கேட்டாருப்பா, என் கடையில நின்னு." பாய் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நெசமாவா அப்படித் தள்ளிட்டு வந்தே?"

தலையாட்டினேன்.

"நான் தூளைப் பத்திப் பேசினேன், நீ உசுரைக் கொண்டு போய் வெச்சிருக்கே. வேண்டாம்பா இந்தப் பாவம் எனக்கு. திங்கக்கிழமையிலிருந்து வேன் போகட்டும். உனக்கு மேட்டுப்பாளையத்துல என் மச்சான் மளிகைக் கடையில சொல்றேன்."

பாருங்கள், நான் அனுப்பின சாட்சிதான் என் வேலைக்கு முடிவு கட்டியது. அந்த மனிதர் எனக்கு நல்லது செய்யத்தான் அப்படிப் பேசினார். பாயும் நல்லது செய்யத்தான் வேலையைப் பிடுங்கினார். யாரைக் குறை சொல்வது? ஆறு மாதக் கர்ப்பிணியைத் தனியாக விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதற்கு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பேச்சுக்கே வரவில்லை.

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

"வண்டிப் பக்கம்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா வர்க்கிக்குக் காவல் நின்னீங்களா? எங்களுக்கு ஆரு நிக்கிறதுங்க?" என்றாள். எங்களுக்கு என்று சொல்லும்போது கை வயிற்றில் இருந்தது. முழங்காலுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள், கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். "பாயைப் பாக்கணும், வாங்க." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

பாய் அவளைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"ஏனுங்க பாய், அந்த ரோட்டைப் பாத்து நான்தானுங்களே பயப்படணும்? நீங்க பயந்துட்டீங்கன்னு சொல்றாரு."

"உனக்காகத்தாம்மா பயந்தேன்."

"ரொம்ப நல்லதுங்க. அப்படின்னா எனக்காக இதையும் கேளுங்க. ரோட்டுல ஆபத்து எதுங்க? சைக்கிளுங்களா, காருங்களா?"

"காருதான்."

"காருக்காரங்க எத்தனை மணிக்கு எந்திரிக்கறாங்க?"

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"லாட்ஜுல தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, டிபன் சாப்பிட்டுத்தானுங்களே கெளம்புவாங்க? எட்டு மணிக்கு முன்னால ஒரு காரும் வராதுங்க. இவரு எட்டு மணிக்குத்தான் வெலிங்டன் தாண்டறாரு. ஏன்னா உங்க அடுப்புலிருந்து வர்க்கி ஆறரைக்குத்தான் வருது. அஞ்சரைக்கு வந்தா இவரு ஏழுக்கே வெலிங்டன் தாண்டி, எட்டுக்குள்ள எல்லநள்ளி போயிருவாரு."

"இருட்டோட கெளம்பணுமேம்மா. மூடுபனி இருக்கும். காட்டெருமை நிக்கும்."

"காட்டெருமை ஹாரன் அடிக்காதுங்க. நின்னா இவரும் நிக்கட்டும், போனா இவரும் போகட்டும். அது பிரேக்கு புடிக்காம மேல வந்து உழாதுங்க."

பாய் சிரித்துவிட்டார். ஆனால் உள்ளேயிருந்து அடுப்பு மாஸ்டர் மாவுக் கையோடு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நல்லாருக்குதே! இவரு சைக்கிளு நோகாமப் போறதுக்கு நாங்க தூக்கம் கெடணுமா? மாவு புளிக்கிற நேரத்துக்குத்தான் புளிக்கும். ஒரு மணி நேரம் முன்னால வேணும்னா ஒரு மணி நேரம் முன்னால பெசையணும், ஒரு மணி நேரம் முன்னால விறகு பொளக்கணும். ஆரு பொளப்பாங்க, நீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவரு பொளப்பாருங்க" என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. அப்படித்தான் முடிவானது. சீசன் முடிகிற வரைக்கும் தினமும் மத்தியானம் லைன் முடித்து வந்து, மறுநாள் அடுப்புக்கு வேண்டிய விறகு முழுவதையும் நான் பிளந்து அடுக்கிவைக்க வேண்டும். விறகு பிளக்கிற நேரம் மிச்சமானால் மாஸ்டருக்கு அந்த ஒரு மணி நேரம் சரியாகிவிடும். பாய் இன்னொரு நிபந்தனை போட்டார். இனிமேல் எல்லாரையும் போலச் சாக்கடைப் பக்கம் நின்றுதான் தள்ள வேண்டும், பெட்டிக்கு என்ன ஆனாலும் கேட்க மாட்டேன் என்றார். அம்மா அவரிடம் மூன்று தடவை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். வேன்காரருக்கு பாய் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

முதல் நாள் ஏழு மணி தாண்டி அருவங்காட்டு ஏற்றத்தில் இருந்தேன். ஒரு பால் வண்டி, ஒரு காய்கறி லாரி, அவ்வளவுதான். நடு ரோட்டில்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். டயர் உருளுகிற சத்தம் எனக்கே கேட்டது. ரோடு ஒரு விரற்கடைகூட அகலமாகிவிடவில்லை, சாக்கடைக்கு மூடி போட்டுவிடவில்லை. அது காலியாகக் கிடக்கிற நேரத்தை எங்களுக்கு அம்மா கண்டுபிடித்துக் கொடுத்தாள். எல்லாருக்கும் அப்படி ஒரு நேரம் கிடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் தள்ளுகிறவரும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கார் வருகிற நேரத்தில்தான் அந்த ஒரு சாண் மண்ணில் போனார்கள். இன்றைக்கும் போகிறார்கள்.

மத்தியானம் கோடரி. எனக்கு விறகு பிளந்து பழக்கம் இல்லை. முதல் வாரம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டாவது வாரம் கொப்புளம் உடைந்தது. மூன்றாவது வாரம் காய்த்துப்போனது. மாஸ்டர் வெளியே வந்து பார்த்து, "பரவால்லியே, வர்க்கி மாதிரி ஒடைக்கறீங்க" என்பார். சீசன் முடிந்து பழைய நேரத்துக்கு மாறலாம் என்று பாய் சொன்னபோது, மாஸ்டரே வேண்டாம் என்றுவிட்டார். காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் சூடாக வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அதனால் என் கோடரியும் நிற்கவில்லை.

ஆகஸ்டு மாத மழையில் நீ பிறந்தாய். பேக்கரியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உன்னை வாங்கினேன். கை பட்டதும் வீல் என்று கத்தினாய். அவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. நர்ஸம்மா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கையா, அரமா? துணியைச் சுத்திட்டுப் புடிங்க."

அம்மா கட்டிலில் படுத்தபடி, "இருக்கட்டும் உடுங்க. பழகிக்குவா" என்றாள்.